நல்ல பல்லைப் பிடுங்கச் சொன்ன அம்மா

கொட்டகலை:
அம்மாவுக்குக் கீழ் கடவாயில் வலி. கிராம்பு, பனடோல் எதுக்கும் அடங்கவில்லை. ஹட்டனில் ஒரு பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அம்மா ஓட்டை விழுந்த பல்லைக் காட்டி, "இத புடுங்கிருங்க ஐயா, கரைச்சல் முடிஞ்சிரும்" என்றார். டாக்டர் தட்டிப் பார்த்தார். அம்மா துள்ளியது பக்கத்துப் பல்லைத் தட்டியபோது! எக்ஸ்ரே எடுக்கணும் என்றதும், "கையா காலா ஒடஞ்சிருச்சி?" என்று அம்மா என்னைப் பார்த்தார்.

சின்னத் தகடு ஒன்றைக் கடிக்கக் கொடுத்து எடுத்தார்கள். காட்டின பல்லில் ஓட்டை மேலோட்டம்தான், அடைத்தால் போதும். வெளியே வெள்ளையாக இருந்த பக்கத்துப் பல்தான் உள்ளே கெட்டுப்போயிருந்தது. இரண்டு பல்லும் ஒட்டுகிற இடத்தில் சொத்தை இறங்கி, வேர் நுனியில் எலும்பு கரைந்து கறுப்பாகத் தெரிந்தது. கண்ணுக்கு அந்த இடம் எட்டவே எட்டாது.

படம் எடுக்கும்போது டாக்டர் வெளியே போனதுதான் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "நல்லதுன்னா அவரு ஏன் ஓடுறாரு?" நியாயமான கேள்வி. அம்மாமேல் ஒரு படத்தின் கதிர்வீச்சுதான் படும்; டாக்டர் உள்ளேயே நின்றால் வருகிற எல்லோருடைய படமும் அவர்மேல் படும். இந்த மாதிரிச் சின்னப் படத்துக்குக் கதிர்வீச்சு 5 மைக்ரோசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவில்தான். மண், காற்று, வானம் என்று இயற்கையிலிருந்தே உலக சராசரியாக ஆளுக்கு வருஷம் 2,400 மைக்ரோசீவர்ட் வருகிறது. 1896இல் ஜெர்மன் பல் மருத்துவர் ஓட்டோ வால்கோஃப் தன் வாயிலேயே படம் எடுத்தபோது 25 நிமிஷம் அசையாமல் இருந்தாராம். அம்மாவுக்குக் கண் சிமிட்டுவதற்குள் முடிந்தது.

பதுளை:
தம்பிக்கு ஞானப்பல். துண்டு கொடுத்துப் பேராதனை பல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மெஷின் தலையைச் சுற்றி வந்து இரண்டு தாடையையும் ஒரே படத்தில் எடுத்தது. பல் படுத்துக் கிடந்தது. வேருக்குக் கீழே தாடை நரம்பு ஓடுகிற குழாய் எவ்வளவு கிட்ட என்று அதில்தான் பார்த்தார்கள். அந்த நரம்பில் காயம் பட்டால் உதடு மரத்துப் போகலாமாம்.

பண்டாரவளை:
கொட்டகலைக்காரரே, உங்க அம்மா வெத்திலை போடுறவங்களா? அப்படியானால் எக்ஸ்ரேயோட விட்டுறாதீங்க. அது பல்லையும் எலும்பையும்தான் காட்டும். கன்னத்துக்குள்ள, நாக்கோரத்துல வர்ற வெள்ளை, சிவப்புத் திட்டு படத்துல விழாது. அடுத்த தடவை போகும்போது வாய் முழுக்க டார்ச் அடிச்சிப் பார்க்கச் சொல்லுங்க, புகையிலையும் சேர்த்துப் போடுறவங்கன்னா கட்டாயம்.