மிஷன் ட்ரிப்ல ஒரு நாள்: ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி

மிஷன் ட்ரிப், அதாவது சபைல இருந்து குழுவா வேற ஊருக்குப் போய் ஊழியம், உதவி பண்ற பயணம், அந்த அனுபவம் இருந்தா எழுதுங்கன்னு கேட்டிருந்தீங்க. நான் எங்கயும் போகல, வந்தவங்கள கூட்டிட்டு சுத்துன ஆளு, அதையே எழுதுறேன். மே மாசம் லீவுல தூத்துக்குடி பக்கத்து சபை ஒன்னுல இருந்து வாலிபர் குழு எங்க பெரம்பூர் சர்ச்சுக்கு வந்தாங்க, பாதிப் பேரு காலேஜ் பசங்க, கூட ரெண்டு டீச்சரம்மா, அவங்க ஆயர். வடசென்னைல நம்ம சபைகள் சேர்ந்து பண்ற வேலைய ஒரு நாள் முழுக்க காட்டிட்டு வான்னு எங்க ஆயர் என்னைய அனுப்புனாரு.

காலைல முதல்ல கதீட்ரல் ரோடு புனித ஜார்ஜ் பேராலயம். 1947 செப்டம்பர் 27 அன்னைக்கு தென்னிந்தியத் திருச்சபை உருவான இடம்னு சொன்னேன், ஜெபம் பண்ணாங்க, செல்ஃபி எடுத்தாங்க, கிளம்பிட்டோம்.

அப்புறம் ராயபுரம். ரெய்னி ஆஸ்பத்திரி வாசல்ல வேன நிறுத்தி மெட்டில்டா மெக்ஃபெயில் டாக்டரைப் பத்தி சொன்னேன். ஸ்காட்லாந்துல இருந்து 1880கள் கடைசில மெட்ராஸுக்கு வந்தவங்க, ஆம்பள டாக்டர்கிட்ட காட்ட முடியாத பொம்பளைங்களுக்கு வைத்தியம் பார்க்க ஆரம்பிச்சு, 1914ல இந்த ஆஸ்பத்திரி வந்தது, கிட்டத்தட்ட 40 வருஷம் இந்த ஊர்லயே இருந்து வேலை பார்த்திருக்காங்க. 40 வருஷமான்னு ஒரு பையன் கேட்டான். ஆமாப்பா, நீங்க இங்க வந்திருக்கிறது ஒரு நாளைக்குத்தான், அத மனசுல வச்சுக்கிட்டு எறங்குங்கன்னு சொன்னேன், கடுமையா இருந்திருக்கலாம் ஆனா சொல்ல வேண்டியதுதான்.

காசிமேடு போனப்ப தடைக்காலம். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகக்கூடாதுல்ல, மீன் இனப்பெருக்கத்துக்காக, அதனால ஹார்பர் முழுக்க படகு நெருக்கியடிச்சு நிக்குது, ஆம்பளைங்க வலை பின்னிட்டு உக்காந்திருக்காங்க. படகு போகலன்னா ஐஸ் ஒடைக்கிறவங்க, கூடை தூக்குறவங்க, மீன் விக்கிற பொம்பளைங்க எல்லாருக்கும்தான் வருமானம் இல்ல. சர்ச் பொம்பளைங்க அமைப்பான பெண்கள் ஐக்கிய சங்கத்துல அரிசி பருப்பு எண்ணெய் போட்டு பை கட்டி வச்சிருந்தாங்க, அத வீடு வீடா கொண்டு போய் குடுக்கணும்.

ஒரு ஆயா வீட்டுக்கு நானும் ஒரு பொண்ணும் போனோம். ஆயா பையை வாங்கி ஓரமா வச்சுட்டு, "இன்னாமா, எந்த ஊரு நீ?"ன்னு கேட்டாங்க.

"தூத்துக்குடி பாட்டி. எங்க அப்பாவும் விசைப்படகுலதான் கூலிக்குப் போறாங்க. எங்களுக்கும் இப்ப தடைதான்."

ஆயா அவளையே கொஞ்ச நேரம் பார்த்தாங்க. "அப்போ உங்க ஊட்டுக்கு யாரு அரிசி குடுக்கறா?"

"அம்மா சீட்டு எடுத்திருக்காங்க பாட்டி."

அவ்ளோதான், ஆயா அவ கையப் புடிச்சு உள்ள உக்கார வச்சுட்டாங்க, அங்க நெத்திலி என்ன வெலை, போட் ஓனர் அட்வான்ஸ் குடுப்பாரா, டீசல் என்ன ஆச்சுன்னு ரெண்டு பேரும் பேச ஆரம்பிச்சு எனக்கு நடுவுல வேலையே இல்ல. கிளம்புறப்ப ஒரு கவர் நெத்திலி கருவாடு கட்டி உங்க அம்மாகிட்ட குடுன்னு குடுத்துட்டாங்க. அந்தப் பொண்ணு வேணாம் பாட்டின்னு சொல்லவே இல்ல, ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டா. எனக்கு அது ரொம்ப புடிச்சிருந்துச்சு. குடுக்கத்தான் வந்திருக்கோம்னு நெனைக்கிறவங்களுக்கு வாங்கிக்கத் தெரியாது, இவளுக்குத் தெரிஞ்சிருந்துச்சு.

சாயங்காலம் வியாசர்பாடி. சர்ச் ஹால்ல காலைல விபிஎஸ் (புள்ளைங்களுக்கு நடத்துற விடுமுறை வேதாகமப் பள்ளி), சாயங்காலம் ட்யூஷன். எல்லா வீட்டுப் புள்ளைங்களும் வரும், அங்க யாரும் மதம் கேக்க மாட்டாங்க. நம்ம குழு நாடகம், ஆக்‌ஷன் பாட்டு எல்லாம் ரெடி பண்ணி வச்சிருந்துச்சு. ட்யூஷன் அக்கா பாட்டுக்கு அரை மணி நேரம் குடுத்துட்டு, "போதும் தம்பி, இனிமே ஒரு புள்ளைக்கு ஒரு ஆள் உக்காருங்க, அது வாசிக்கறத கேளுங்க, நீங்க வாசிச்சுக் காட்ட வேணாம்"னுட்டாங்க. இன்னொன்னும் சொன்னாங்க, நாளைக்கு வரேன்னு யாரும் சொல்லிடாதீங்க, புள்ளைங்க வாசல்லயே நிக்கும்.

வீட்டுல அம்மா நாலு வீட்டு வேலை முடிச்சுட்டு ராத்திரி வர்றாங்க, அப்பா லோடு ஏத்தப் போயிருக்காரு, புள்ள சத்தமா வாசிச்சா கேக்க யாரு இருக்கா? அஞ்சாங்கிளாஸ் பையன் ஒருத்தன் தினத்தந்தி தலைப்புச் செய்திய எழுத்துக் கூட்டிக் கூட்டி படிச்சான், பக்கத்துல உக்காந்த காலேஜ் பையன் அவசரப்படுத்தாம கேட்டான். நாளைக்கும் வருவியாண்ணான்னு அவன் கேட்டதுக்கு, "இல்லடா, நான் ஊருக்குப் போறேன், நீ இந்தப் பக்கத்த முடிச்சு நாளைக்கு அக்காகிட்ட படிச்சுக் காட்டு"ன்னு நேரா சொன்னான். அந்த ஹால்ல நடந்ததுதான் அன்னைக்கு நாங்க பண்ணதுலயே உருப்படியான வேலைன்னு நான் நெனைக்கிறேன், நாடகம் போட்டிருந்தா அது நடந்திருக்காது.

பதில்:
நான் வியாசர்பாடிதான், இந்து வீட்டுப் பையன், சின்ன வயசுல வருஷா வருஷம் விபிஎஸ் போவேன். பாட்டு, கதை, பன்னு, ஜூஸ் எல்லாமே சந்தோஷம்தான். ஆனா ஒரு தடவ வெளியூர்ல இருந்து வந்த குழு நோட்டு குடுத்துட்டு, போட்டோ சரியா வரலன்னு என்கிட்ட இருந்து நோட்ட திருப்பி வாங்கி மறுபடி குடுத்தாங்க, சிரின்னு வேற சொன்னாங்க. எனக்கு அப்போ எட்டு வயசு இருக்கும். நோட்டு எப்பவோ தீர்ந்து போச்சு, அது மட்டும் போகல. தயவு செஞ்சு யாரும் அப்படி பண்ணாதீங்க.

பதில்:
அடுத்த வருஷம் எங்க சபைல இருந்தும் வரலாம்னு பேசிட்டிருக்கோம் அண்ணா. என்ன எடுத்துட்டு வரட்டும்? பழைய துணி சேர்த்து வைக்கட்டுமா?

பதில்:
மேல எழுதின தம்பி, நீ சொன்னத எங்க கமிட்டில வாசிச்சுக் காட்டப் போறேன்ப்பா, ஊர் பேரு சொல்லாம. ட்யூஷன்ல இப்ப போட்டோ எடுக்க விடறதே இல்ல.

பழைய துணி வேணாம்மா, வைக்க எடமில்ல. ட்யூஷன் அக்காவ கேட்டேன், பத்தாவது கணக்கு பழைய கொஸ்டின் பேப்பர் ஜெராக்ஸ், ஜியாமெட்ரி பாக்ஸ், நாப்கின், ஒரு சீலிங் ஃபேன், இவ்ளோதான் சொன்னாங்க. முடிஞ்சா மே மாசம் வராம ஆகஸ்ட் செப்டம்பர்ல வாங்க, காலாண்டு பரீட்சைக்கு முன்னாடி கணக்கு சொல்லிக் குடுக்க ஆள் வேணும், மே மாசத்துல எல்லா குழுவும் ஒன்னா வந்துடுது, அப்புறம் வருஷம் பூரா ஆளே இருக்காது.