தத்துப் போகும்வரை நம் வீட்டுக் குட்டி

மீட்கப்பட்ட நாய்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் மூன்று பேர், ஆளுக்கொரு பகுதியாக எழுதியவை இவை.

மீட்கப்பட்ட நாய்க்குட்டிகளைத் தத்துப் போகும்வரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்றால், எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "எப்படித்தான் கொடுக்க மனசு வருது?" கொடுக்காமல் வைத்துக்கொண்டால் அடுத்து வரும் குட்டிக்கு இடம் இருக்காதே. பிரிவு கஷ்டம்தான், ஆனால் என் தூக்கத்தைக் கெடுப்பது யாரிடம் கொடுப்பது என்ற கேள்வி.

போன முறை வந்தவை கண் திறக்காத மூன்று குட்டிகள். கண் திறக்கப் பிறந்து 10 முதல் 14 நாள் ஆகும். அந்த வயதில் உடம்புச் சூட்டைத் தானாகக் காத்துக்கொள்ள முடியாது, சிறுநீர்கூடத் தானாக வராது. தாய் நக்கிவிட்டால்தான் வரும். அந்த வேலை நமக்கு. வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே மெல்லத் தடவ வேண்டும். குட்டி ஒரு நொடி விறைக்கும், பின்கால் லேசாக நடுங்கும், காரியம் முடிந்ததும் வாயைப் பிளந்து ஒரு கொட்டாவி விடும். ராத்திரி முழுக்க இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை இதேதான்.

புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு: சில்லிட்டுக் கிடக்கும் குட்டிக்கு உடனே பால் கொடுக்காதீர்கள். உடம்பு குளிர்ந்திருந்தால் செரிக்காது. முதலில் சூடு, அப்புறம் பால். குழந்தைக்கு ஊட்டுவது போல் மல்லாத்திப் பிடிக்கவும் கூடாது, பால் நுரையீரலுக்குள் போய்விடும். குப்புற வைத்து, தலையைச் சற்றே உயர்த்தினால் போதும். பசும்பால் வயிற்றைக் கெடுக்கும். குட்டிகளுக்கென்று வரும் பால் பவுடர்தான் சரி.

சரி, தத்துக்கு வருவோம். வருகிறவர்களிடம் நிறையக் கேட்பேன். வீடு மாறினால் என்ன செய்வீர்கள், பகலில் யார் இருப்பார்கள், ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள். ஒருவர் பொறுமை இழந்து, "வேலைக்கு எடுக்கும்போதுகூட என்னை இவ்வளவு கேட்கலைங்க" என்று கிளம்பிவிட்டார். சில நாள் கழித்து அவரே கூப்பிட்டு, "யோசிச்சேன். நான் வீட்டுக்கு வர ராத்திரி ஆயிடுது, குட்டி தாங்காது" என்றார். கடைசியில் எங்கள் குழுவில் இருந்த, ஓடியாடி ஓய்ந்த ஐந்து வயது நாய் ஒன்றை அழைத்துப் போனார். இருவருக்கும் நல்ல பொருத்தம்.

* * *

குட்டிகளைக் கொல்லும் பார்வோ என்ற வைரஸ் நோயைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். நேற்றுவரை செருப்பைக் கடித்துக்கொண்டிருந்த குட்டி காலையில் எழவில்லை. வாந்தி, பிறகு ரத்தம் கலந்த கழிச்சல். டாக்டரிடம் ஓடினோம், டிரிப்ஸ் ஏற்றினார்கள், பிழைக்கவில்லை. அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சாதாரண சோப்புக்கும் கை சானிடைசருக்கும் சாகாது. ஒரு பங்கு ப்ளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து தரையைத் துடைத்தோம். தோட்டத்து மண்ணை என்ன செய்ய முடியும்? அதனால் இப்போது தடுப்பூசி முழுதாகப் போட்ட பெரிய நாய்களை மட்டும் வைத்துக்கொள்கிறோம். குட்டிகளுக்கு 6 முதல் 8 வாரத்தில் ஊசி தொடங்கி, 16 வாரம்வரை இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் தொடர வேண்டும். முதல் ஊசியோடு "போட்டாச்சு" என்று தெருவில் இறக்கிவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

* * *

எங்கள் வீட்டுக்குப் பால்குடி மறந்தவைதான் வரும். அந்த வயதில் பழக்குவதுதான் பெரிய வேலை. சுமார் 3 முதல் 14 வாரத்துக்குள் எதையெல்லாம் பயமின்றிப் பார்க்கிறதோ, கேட்கிறதோ, அதெல்லாம் பிறகு அதற்குச் சாதாரணமாகிவிடும். ஹேர் டிரையர், அழைப்பு மணி, தொப்பி போட்ட ஆள், சக்கர நாற்காலி என்று ஒவ்வொன்றாகத் தூரத்தில் காட்டி, தின்பண்டம் கொடுத்துப் பழக்குவேன். கூடவே ஒரு நோட்டு. புது வீட்டுக்குப் போகும்போது தடுப்பூசி அட்டையோடு அதுவும் போகும். ஒரு கருப்புக் குட்டிக்கு இப்படி எழுதியிருந்தேன்: "குடை விரித்தால் கட்டிலுக்கடியில் போய்விடும். இழுக்காதீர்கள், விரித்த குடையைத் தரையில் வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்." அந்த வீட்டு அம்மா பிறகு போன் செய்தார். நான் சொன்னபடியே செய்தாராம். இப்போது பயமெல்லாம் இல்லையாம். குடையும் இல்லையாம், கம்பிதான் மிச்சமாம்.