ஹெட்லெஸ் உலாவி: தமிழில் எப்படிச் சொல்வது?

அன்பர்களுக்கு வணக்கம்.

செயற்கை நுண்ணறிவு முகவர்கள் உலாவியை இயக்கப் பயன்படுத்தும் கருவிகளின் கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். சாளரம் எதையும் காட்டாமல் பின்னணியில் ஓடும் ஹெட்லெஸ் உலாவிக்குச் சொல் கிடைக்காமல் நிற்கிறேன். பழைய வரைவில் 'தலையில்லா உலாவி' என்று இருக்கிறது, மனம் ஒப்பவில்லை. எதிர்ச்சொல்லும் சேர்ந்தே வேண்டும். உலாவியை நிரல் வழியே இயக்க உதவும் பிளேரைட் நூலகம் இயல்பாகச் சாளரமின்றி ஓடும். முகவர்களுக்கு உலாவியைக் கருவியாகத் தரும், அதே பிளேரைட்டின் எம்சிபி சேவையகமோ இயல்பாகச் சாளரத்தைத் திறந்துகொண்டு ஓடும். இரண்டு நிலைகளும் வாசகருக்குக் குழம்பக் கூடாது.

மொழிபெயர்ப்பாளர்

*

தலையற்ற உடலுக்குத் தமிழில் சொல்லா இல்லை? கவந்தம் இருக்கிறது, குறைத்தலை இருக்கிறது. பரணிப் போர்க்களத்தில் தலை போன பிறகும் உடல் நின்று ஆடும். கம்பன் காட்டும் கவந்தனுக்கு வயிற்றிலேயே வாய். முகம் காட்டாமல் வேலை பார்க்கும் உலாவிக்கு இதைவிடப் பொருத்தம் ஏது? கவந்தம் வடசொல் என்று ஒதுக்குவீர்களானால் 'குறைத்தலை உலாவி' ஆகட்டும். 'முண்டம்' வேண்டாம், அது வசையாகிவிட்டது.

தமிழாசிரியர்

*

ஐயா, இங்கே தலை உடலுறுப்பு அன்று. திரையும் விசைப்பலகையும் இணைக்காமல் ஓடவிட்ட கணினியை ஹெட்லெஸ் என்று அழைத்தார்கள். உலாவிக்கு அந்த வழக்கு பிறகு வந்தது. எனவே 'திரையிலா உலாவி', எதிர்ச்சொல் 'திரையுள்ள உலாவி'. 'குறைத்தலை' என்று எழுதினால் உலாவியில் ஏதோ குறை என்றே மாணவர் நினைப்பார். தூய்மை வேண்டும், ஆனால் படித்தவுடன் விளங்கவும் வேண்டும்.

நிரலாளர்

*

திரையிலா உலாவியில் திரைப்பிடிப்பு எடுப்பது எப்படி? அந்த உலாவியும் பக்கத்தை வடிவமைக்கிறது, வரைகிறது, கேட்டால் படமாகவும் தருகிறது. 2023இல் வந்த குரோம் 112 முதல் புதிய ஹெட்லெஸ் நிலையில் சாளரமே உருவாகிறது, காட்டப்படுவதில்லை, அவ்வளவுதான். இருப்பதை இல்லை என்று சொல்லலாமா?

இலக்கணத்தில் இதற்கு வழி இருக்கிறது. 'படித்தாய்' என்ற வாக்கியத்தில் எழுவாய் இல்லாமல் போய்விடவில்லை, வெளிப்படவில்லை. தோன்றா எழுவாய் என்கிறோம். அதே வழியில் 'தோன்றா உலாவி', 'தோன்றும் உலாவி'. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் ஒன்றும் உடன்பாட்டுப் பெயரெச்சம் ஒன்றுமாக இணை கச்சிதமாக அமைகிறது.

சொல்லாய்வில் ஆர்வமுள்ளவன்

*

அழகான சொல்தான். ஆனால் கையேட்டில் வரப்போகும் ஒரு வாக்கியத்தை எழுதிப் பாருங்கள்: "கடவுச்சொல்லைப் பயனரே இட வேண்டுமானால், தோன்றும் உலாவியில் உள்நுழையச் செய்க." இதைப் படிப்பவர், அடுத்து ஏதோ ஓர் உலாவி தோன்றும், அதில் உள்நுழைய வேண்டும் என்றே கொள்வார். எந்த நிலையில் திறக்க வேண்டும் என்ற செய்தி தொலைந்துவிடுகிறது. 'தோன்றா உலாவி'யும் வகுப்பறையில் பிழைச்செய்தி போலவே ஒலிக்கும்.

இன்னொன்று. இந்த விளக்கங்களை மனிதர் மட்டும் படிப்பதில்லை. முகவரும் கருவி விளக்கத்தைப் படித்துத்தான் எந்தக் கருவியை அழைப்பது என்று முடிவெடுக்கிறது. இருபொருள்படும் சொல் இரண்டு வாசகரையும் வழி தவறவிடும். 'மறை உலாவி' என யாரேனும் சொல்லும் முன்பே சொல்லிவிடுகிறேன்: 'மறைநிலை' குரோமில் வேறொன்றுக்குப் பெயர். வரலாறு சேமிக்காத நிலை அது.

கணினி ஆசிரியை

*

மேலே "முகவர் முடிவெடுக்கிறது" என்று வந்திருக்கிறது. அர் ஈறு உயர்திணைப் பலர்பால், வினைமுற்று அஃறிணை ஒருமை! உலாவி, செயலி வரிசையில் 'முகவி' ஆக்கினால் திணை வழு தீரும். 'பயனர் முகவர்' என்று உலாவிக்கே ஒரு பெயர் இருப்பதையும் நினைவில் கொள்க.

தமிழாசிரியர்

*

ஐயா, முகவி நல்ல யோசனை. அதைத் தனி இழையில் பேசுவோம். வெள்ளி நெருங்கிவிட்டது.

இதுவரை வந்த சொற்களில் நிரலாளர் சொன்னதே படித்தவுடன் விளங்குவதால் 'திரையிலா உலாவி', 'திரையுள்ள உலாவி' என்றே அனுப்புகிறேன். முதல் முறை வரும் இடத்தில் 'ஹெட்லெஸ் எனப்படும் திரையிலா உலாவி' என்று இருக்கும். கட்டளையில் வரும் பெயரைத் தொடவில்லை. திரைப்பிடிப்பு அத்தியாயத்தில் முரண் தோன்றாதபடி 'பக்கப்படம்' என்று மாற்றியிருக்கிறேன்.

மொழிபெயர்ப்பாளர்

*

பக்கப்படம் நல்ல சொல், அதை ஏற்கிறேன். தோன்றும் உலாவியில் உள்ள இடர்ப்பாட்டைக் கணினி ஆசிரியை காட்டிய பிறகு அதையும் வற்புறுத்தவில்லை. ஆனால் 'இலா' மீதான என் எதிர்ப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அடுத்த பதிப்புக்குள் 'சாளரம் காட்டா உலாவி', 'சாளரம் காட்டும் உலாவி' என்ற இணையை ஓர் அத்தியாயத்திலாவது பொருத்திப் பார்க்க வேண்டுகிறேன். நீளம்தான், ஆனால் நடப்பதை அப்படியே சொல்கிறது.

சொல்லாய்வில் ஆர்வமுள்ளவன்