கேம்பர் மாட்டினா மேட்டுல இழுவை போயிடுது
கேள்வி: டீசல் பிக்கப், தங்கிப் பயணம் போற கேம்பர் மாட்டி ஏத்தம் ஏறினா பாதியிலயே திணறுது, கரும்புகை வேற, கழட்டிட்டு ஓட்டினா ஒண்ணுமே தெரியல, ஏர் ஃபில்டர் டீசல் ஃபில்டர் ரெண்டும் மாத்தியாச்சு, வேற எங்க பாக்கறது?

பதில்: கரும்புகைன்னா டீசலுக்கு ஏத்த காத்து பத்தலைங்க. இன்ஜின் ஆறினதும் டர்போல (இன்ஜினுக்குக் காத்தை அமுக்கி அனுப்பறது) இருந்து இன்டர்கூலருக்கு (அந்தக் காத்தை ஆத்தறது) போற ஹோஸைத் தடவிப் பாருங்க. என் வண்டில அடிப்பக்கம் நகக்கீறல் மாதிரி ஒரு வெடிப்பு, சும்மா ஓட்டறப்ப மூடிக்கும், லோடு ஏறி பூஸ்ட், அதாவது டர்போ தர்ற காத்தழுத்தம், வந்தா வாயைப் பிளக்கும், சுத்தி எண்ணெயும் தூசியும் அப்பியிருந்துச்சு.

பதில்: கோளாறு கோடு படிக்கற ஸ்கேனரும் போடுங்க, பி0299ங்கற கோடு வந்தா பூஸ்ட் கம்மின்னு அர்த்தம். சரி பண்ற வரைக்கும் கேம்பர் வேண்டாம், டர்போ பாவம்.

கேட்டவர்: பாத்துட்டேன், கீழ் கிளாம்ப் பூரா எண்ணெய்ப் பிசுக்கு! ரொம்ப நன்றிங்க, ஹோஸ் மாத்திட்டு சொல்றேன்.