குதிரை திருப்பினால் தலையைத் தூக்குகிறது, அவசரம்

மேட்டுக்காடு:
வணக்கம். போன மாசம் வாங்கிய குதிரை. பழக்க ஆள் வைக்க வசதியில்லை, நானேதான் பழக்குகிறேன். ஒரு வாரமாகத் திருப்பினாலே தலையை அண்ணாந்து தூக்கிக்கொண்டு பின்னாலேயே போகிறது. நேற்று வேலியில் கொண்டுபோய் உரசியதில் என் முழங்கால் தோல் போச்சு. சீக்கிரம் சொல்லுங்க.

பழைய லாயம்:
வயசு? ஆணா பெண்ணா? வாயில் என்ன போட்டிருக்கீங்க? எந்தப் பக்கம் திருப்பும்போது?

சுழிபார்ப்பான்:
நெற்றிச் சுழி, கழுத்துச் சுழி இரண்டையும் படம் எடுத்துப் போடுங்க. அந்தியூர் ஆடிச் சந்தைக்கு வந்து பாருங்க, விவரமானவர்கள் சுழி பார்த்த பிறகுதான் விலையே பேசுவாங்க.

கொள்ளுமூட்டை:
கொள்ளு எவ்வளவு வைக்கிறீங்க? கட்டிப்போட்டே தீனி போட்டால் எந்தக் குதிரையும் ஆடத்தான் செய்யும். பாதியாகக் குறைங்க, வைக்கோலைக் கூட்டுங்க.

ஜமேதார்:
இருபது வருஷமாகக் குதிரை வைத்திருக்கிறேன். வீடியோ பார்த்துவிட்டுக் குதிரை ஏறுகிறவர்களுக்கு இதுதான் கதி. தம்பி, முதலில் தரையில் நின்று நீளக் கயிற்றில் வட்டம் சுற்ற விடு. நட, நில் இரண்டும் வாய்ச்சொல்லுக்குக் கேட்கட்டும். அப்புறம் முதுகைப் பற்றி யோசிக்கலாம்.

வண்டிக்காரன்:
முள் லகான் போடுங்க அண்ணா. ஒரே நாளில் திரும்பும்.

பழைய லாயம்:
முள் லகான் 1965 மிருகவதைத் தடுப்பு விதியிலேயே தடை செய்தது. இன்னும் சிபாரிசு வேறயா?

வண்டிக்காரன்:
எங்க ஊரில் எல்லாரும் போடுறாங்க. விதி எழுதினவங்க வண்டி ஓட்டியிருப்பாங்களா?

ஜமேதார்:
வண்டிக்குதிரையும் சவாரிக்குதிரையும் ஒன்றில்லை. அதுகூடத் தெரியாமல் பதில் எழுத வந்துவிடுகிறார்கள்.

வண்டிக்காரன்:
நீங்க பந்தயத்துக்கு வாங்க, அங்கே பேசிக்கலாம்.

மேட்டுக்காடு:
மன்னிக்கணும், தோட்டத்தில் இருந்தேன். ஆண். நாலு வயசு என்று சொல்லி விற்றார். சாதாரண இரண்டு துண்டு இரும்பு லகான். இடப்பக்கம் இழுத்தால் மட்டும்தான் இந்த வம்பு. வெறும் தலைக்கயிறு போட்டுப் பிடித்தால் இரண்டு பக்கமும் ஆட்டுக்குட்டி மாதிரி வருகிறது.

பழைய லாயம்:
அந்தக் கடைசி வரியை முதலிலேயே எழுதியிருக்கலாமே! கயிற்றுக்கு வந்து இரும்புக்கு வரவில்லை என்றால் கோளாறு வாயில். சில குதிரைகளுக்கு முதல் கடைவாய்ப்பல்லுக்கு முன்னால் பயறு அளவில் ஒரு குட்டிப்பல் இருக்கும், ஓநாய்ப்பல் என்பார்கள். லகான் இழுபடும்போது அங்கே ஈறு நசுங்கினால் தலையைத் தூக்காமல் என்ன செய்யும்? வயசையும் முன்பல்லில் பாருங்க: நடு ஜோடி இரண்டரை வயசில் மாறும், அடுத்தது மூன்றரையில், ஓரம் நாலரையில். உதட்டைத் தூக்கினாலே தெரியும். கடைவாய்க்குள் மட்டும் கையை விடாதீங்க, விரல் போய்விடும். மாட்டு டாக்டரைக் கூப்பிடுங்க. அதுவரை இரும்பே வேண்டாம்.

சுழிபார்ப்பான்:
பல் சரி. சுழி?

மேட்டுக்காடு:
டாக்டர் வந்தார். இடப்பக்கம் மேலே குட்டிப்பல், பக்கத்தில் புண். மயக்க ஊசி போட்டு எடுத்தாச்சு. முன்பல் எல்லாமே இன்னும் பால்பல்தானாம். இரண்டரைகூட ஆகியிருக்காது என்றார். இப்போதைக்குக் கயிறு பிடித்து நடை மட்டும். நன்றி லாயம் அண்ணா.

ஜமேதார்:
குட்டி முதுகிலா ஏறினாய்?

சுழிபார்ப்பான்:
படம் இன்னும் வரவில்லை.