சகப்பிணைப்பும் ஹைட்ரஜன் பிணைப்பும்: எது அறுகிறது, எது தளர்கிறது?

களக்காட்டு மாணவி:
நான் இளங்கலை விலங்கியல் முதலாண்டு படிக்கிறேன். பிளஸ் டூவில் வேதியியலை மனப்பாடம் செய்தே தேறினேன். இப்போது சுக்ரோஸுக்கும் ‘பிணைப்பு’ என்கிறார்கள், டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளுக்கும் ‘பிணைப்பு’ என்கிறார்கள். சூடாக்கினால் இழைகள் பிரிந்துவிடுமாம். சீனித் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் மட்டும் சுக்ரோஸ் ஏன் எளிதில் பிரிவதில்லை?

உடன்குடிக்காரன்:
தங்கச்சி, எனக்குத் தெரிந்த பதநீரிலிருந்தே தொடங்குகிறேன். அதன் இனிப்பு பெரும்பாலும் சுக்ரோஸ்தான். ஒரு குளுக்கோஸும் ஒரு ஃபிரக்டோஸும் இணையும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேறுகிறது. 180-ஐயும் 180-ஐயும் கூட்டி 18-ஐக் கழித்தால் சுக்ரோஸின் மூலக்கூறு எடையான 342 வந்துவிடும். இரண்டையும் கட்டியிருப்பது எலக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொண்ட சகப்பிணைப்பு என்பதால், அதை அறுக்க அமிலமோ நொதியோ துணைக்கு வரவேண்டும். கலயத்தில் சுண்ணாம்பு தடவாமல் விட்டால், ஈஸ்ட் தன் இன்வர்டேஸ் நொதியால் நீரைச் சேர்த்துச் சுக்ரோஸை உடைத்து, பிறகு பதநீரைக் கள்ளாக்கிவிடும். புளித்த பதநீரை எவ்வளவு காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றினாலும் கருப்பட்டி சரியாக உறையாமல் பிசுபிசுப்பதற்குக் காரணம், உடைந்த சர்க்கரைகள் எளிதில் படிகமாகாததுதான்.

டவுன்வாசி:
அல்வாவிலும் இதே கதைதான். கோதுமைப் பாலின் மாவுச்சத்து சூட்டில் குளுக்கோஸாக உடைவதால்தான் அது கெட்டிப்படுகிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
அண்ணாச்சி, மன்னிக்கவும், இது தலைகீழாக இருக்கிறது. மாவுச்சத்து குளுக்கோஸாக உடைந்தால் பால் நீர்த்துப்போகுமே தவிர, இறுகாது. உண்மையில் ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸில், மாவுச்சத்துச் சங்கிலிகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருந்த ஹைட்ரஜன் பிணைப்புகள், அதாவது சற்றே நேர்மின் சாயல் கொண்ட ஹைட்ரஜனை அருகிலுள்ள ஆக்சிஜனோ நைட்ரஜனோ இழுத்துப் பிடிக்கும் வலுக்குறைந்த பிணைப்புகள், தளர்கின்றன. அந்த இடைவெளியில் நீர் புகுந்து சங்கிலிகளின் ஹைட்ராக்சில் (OH) தொகுதிகளைப் பற்றிக்கொள்ள, மணிகள் உப்பிக் கூழாகின்றன. ஒவ்வொரு சங்கிலியின் உள்ளேயும் குளுக்கோஸ்களைக் கோத்திருக்கும் சகப்பிணைப்புகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். நீரில் ஒரு ஹைட்ரஜன் பிணைப்பின் வலிமை மோலுக்கு 20 கிலோஜூல் அளவே. கார்பன்–ஆக்சிஜன் சகப்பிணைப்போ 350-ஐ ஒட்டியது. மாணவியின் டி.என்.ஏ. கேள்விக்கும் விடை இதிலேயே இருக்கிறது: இழைகளுக்கு இடையே, டி.என்.ஏ.வின் காரங்களில் (எழுத்துகள் போன்ற அலகுகள்) அடினினும் தைமினும் இரண்டு, குவானினும் சைட்டோசினும் மூன்று ஹைட்ரஜன் பிணைப்புகளால் இணைகின்றன. 95 டிகிரியில் அவை விட்டுப்போனாலும், ஒவ்வொரு இழையின் முதுகெலும்பும் சகப்பிணைப்பு என்பதால் அறுவதில்லை. ஆறவிட்டால் இழைகள் மறுபடியும் சேர்ந்துகொள்ளும்.

களக்காட்டு மாணவி:
இப்போது விளங்குகிறது, ஐயா. அப்படியானால் அல்வாவில் நெய் மட்டும் கடைசியில் பிரிந்து வருவது ஏன்?

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
நெய்யின் நீண்ட ஹைட்ரோகார்பன் வால்களுக்கு முனைவு இல்லை, அதாவது மின்சுமை ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்பதில்லை. ஆகவே நீருக்குப் பற்றிக்கொள்ள அங்கே இடமில்லை. நீர் மூலக்கூறுகள் தமக்குள்ளேயே பிணைந்துகொண்டு நெய்யை ஒதுக்கிவிடுகின்றன. அடுத்து நீங்கள் படிக்கப்போகும் செல் சவ்வில், பாஸ்போலிப்பிடுகள் என்னும் கொழுப்பு மூலக்கூறுகளின் வால்கள் நீரை விட்டு உட்புறம் திரும்பி நிற்பதும் இதனால்தான்.