ஜெர்மனியில் தூண்டில் போட பரீட்சை: மீன் தெரிகிறது, மொழி இடிக்கிறது

உப்பனாற்றுத் தூண்டில்:
சொந்த ஊர் கடலூர் முதுநகர். ம்யூனிக்கில் வேலை, இப்போது லீவில் வந்திருக்கிறேன். அங்கே ஏரியில் தூண்டில் போட 30 மணி நேர வகுப்பு, அப்புறம் பரீட்சை. 60 கேள்வியில் 45 சரியாக வேண்டும், ஐந்து பாடத்தில் ஒவ்வொன்றிலும் 12-க்கு 6 ஆவது எடுத்தாக வேண்டும். ஜெர்மனில் எழுதி 41 வாங்கித் தோற்றேன். ஏழு வயதில் அப்பாவோடு ஆற்றங்கரையில் உட்கார்ந்து நரம்பு பிடித்தவன், இரையைத் தொடுவது நண்டா மீனா என்று விரலே சொல்லிவிடும். ஆனால் சட்டக் கேள்வியைப் பாதி படிப்பதற்குள் தலை சுற்றுகிறது. கூட வேலை செய்கிறவர், "ஆளில்லாத ஓடையாகப் பார்த்துப் போடு, யார் கேட்கப் போகிறார்கள்" என்கிறார். என்ன செய்யலாம்?

அரியாங்குப்பம் விரால்:
தம்பி, அந்த ஓடை யோசனையை விடுங்கள். அனுமதியில்லாமல் மீன் பிடிப்பது அங்கே குற்றவியல் சட்டம் 293-ஆம் பிரிவு, அபராதம் அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை. விசாவில் இருப்பவருக்கு இது வேண்டவே வேண்டாம்.

நானும் உங்கள் ம்யூனிக் இருக்கிற பவேரியா மாநிலத்தில்தான் எழுதினேன். கேள்விகளை மனப்பாடம் செய்து பார்த்தேன், நிற்கவில்லை. அப்புறம் ஒரு நோட்டுப் போட்டு ஜெர்மன் சொல், பக்கத்தில் நம்மூர்ப் பெயர், ஒரு படம் என்று எழுதினேன். ஆல் என்றால் விலாங்கு. கார்ப்ஃபென் சாதாக் கெண்டை. ஷோன்ட்சைட் என்றால் பிடிக்கக் கூடாத காலம்; ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் விசைப்படகுகள் கரையில் நிற்கிற 61 நாளை நினைத்துக்கொள்ளுங்கள், அங்கே அது மீனுக்கு மீன் மாறும், அவ்வளவுதான். ஃபெட்ஃப்லோஸ என்றொரு சொல் என்னைப் பாடாய்ப் படுத்தியது. முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே, முள்ளே இல்லாமல் சதைத் துணுக்கு மாதிரி இருக்கிற சின்னத் துடுப்பு, டிரவுட் மீனுக்கு உண்டு. ஊரில் இருக்கும்போதே ஒரு கெளுத்தியை வாங்கி முதுகைத் தடவிப் பாருங்கள், அதே துடுப்பு விரலில் படும். பிறகு மறக்காது.

ஒரு இடத்தில் மட்டும் ஊர்ப்பழக்கத்தை நம்பாதீர்கள். நாம் பிடித்ததைக் கூடையில் போட்டுவிடுவோம், அதுவாகச் சாகும். அங்கே தலையில் தட்டி மயக்கிவிட்டுத்தான் கொல்ல வேண்டும். எனக்கு அந்த விதி சரியென்றே படுகிறது, இப்போது ஊரிலும் அப்படித்தான் செய்கிறேன்.

வைத்திக்குப்பம்:
எங்கள் பெரியப்பா பிரான்சில் இருக்கிறார். அங்கே பரீட்சையே கிடையாது, பணம் கட்டி மீன்பிடி அட்டை வாங்கினால் ஆற்றங்கரையில் உட்காரலாம். ஆனால் பொதுவாகச் சூரியன் மறைந்து அரை மணிக்கு மேல் தூண்டில் போடக் கூடாது. அதை யாரும் அவருக்குப் புரியும்படி சொல்லவில்லை, இருட்டிய பின்னும் உட்கார்ந்திருந்து அபராதம் கட்டினார். அதனால் பரீட்சை வைத்துச் சொல்லித்தருவது எனக்குத் தப்பாகத் தெரியவில்லை, புரிகிற மொழியில் வைத்தால் நல்லது.

அதுவரை கை சும்மா இருக்க வேண்டாம். பெர்லினைச் சுற்றியுள்ள பிராண்டன்பர்க் மாநிலத்தில் கெண்டை மாதிரி, மற்ற மீனை வேட்டையாடாத சாதுவான மீன்களுக்குப் பரீட்சை தேவையில்லை. மீன்பிடி வரியும் அந்த ஏரிக்கான சீட்டும் இருந்தால் போதும். மெக்லென்பர்க் பக்கம் 28 நாள் சுற்றுலா அனுமதி தருகிறார்கள்.

உப்பனாற்றுத் தூண்டில்:
ரொம்ப நன்றி அண்ணா. நாளைக் காலை துறைமுகத்தில் கெளுத்தி வாங்கிவிடுகிறேன். நோட்டில் முதல் பக்கமே நின்றுவிட்டது: ஹெஹ்ட் (இங்கிலீஷில் பைக்) மீனுக்கு நம் பக்கத்துப் பெயர் என்ன எழுதுவது? படத்தில் வாயும் பல்லும் சீலா மாதிரி இருக்கிறது.

அரியாங்குப்பம் விரால்:
நானும் சீலா என்றுதான் எழுதினேன், பக்கத்தில் நன்னீர் என்று சேர்த்து.